செகண்ட் இயரிலேயே ஆராய்ச்சியா? கவலைப்படும் ஓர் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு. பேத்தாலஜி, பார்மகாலஜி, மைக்ரோபயாலஜி என்று பாடம் மலையாய்க் குவிந்து கிடக்கிறது. இந்த நேரத்தில், விழித்திரைப் படத்தைக் கம்ப்யூட்டரே பார்த்து சர்க்கரை நோயின் பாதிப்பைச் சொல்லும் கருவியைப் பற்றி, கண் மருத்துவத் துறைப் பேராசிரியரோடு சேர்ந்து ஆய்வு செய்யப் போகிறேன் என்கிறாள். "டாக்டருக்குப் படிக்க அனுப்பினோம், கம்ப்யூட்டர் வேலைக்குப் போறேங்கிறா" என்று எழுதியிருக்கிறீர்கள். வெறும் 60 பேரை வைத்துச் செய்கிற ஆய்வால் என்ன பிரயோஜனம் என்று உங்கள் கணவர் கேட்கிறாராம்.

செய்யட்டும் என்பதுதான் என் பதில்.

இந்தக் கருவிகளின் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களை வைத்துக் கம்ப்யூட்டரைப் பழக்கி, அது கண் மருத்துவர்களுக்கு இணையாகப் பாதிப்பைக் கண்டுபிடிப்பதாக 'ஜாமா' மருத்துவ இதழில் எழுதினார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் கொடுத்த படங்களும் அதில் இருந்தன. அதோடு வேலை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

பிறகு அதே கருவி தாய்லாந்தில் 11 கிளினிக்குகளுக்குப் போனது. அங்கே படம் எடுத்தவர்கள் நர்ஸுகள். பல கிளினிக்குகளில் இருட்டறை இல்லை. ஜன்னல் வெளிச்சம் விழும் அறையில் எடுத்த படம் மங்கலாக வந்தது. முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை 'தரம் போதாது' என்று கருவி தள்ளிவிட்டது. நெட் மெதுவாக இருந்ததால் படம் மேலே ஏறுவதற்குள் வரிசை நீண்டது. படம் தேறாதவர்களை வேறு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவருக்கு அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இதைக் கண்டுபிடித்தவர்கள் கிளினிக்கில் நர்ஸுகளின் பக்கத்தில் நின்று பார்த்துக் குறிப்பெடுத்தவர்கள். 2020-இல் அந்த ஆய்வு வெளியானது.

உங்கள் மகள் செய்யப்போவதும் அந்த மாதிரி வேலைதான் அம்மா. பேஷன்ட் பக்கத்தில் நிற்கிற வேலை. இதைக் கம்ப்யூட்டர் வேலை என்று எப்படிச் சொல்வது?

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இது பைலட் ஸ்டடி, அதாவது பெரிய ஆய்வுக்கு முன் செய்து பார்க்கிற முன்னோட்டம். அது சின்னதாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். 60 பேரில் எத்தனை பேர் சம்மதித்தார்கள், ஒரு படத்துக்கு எத்தனை நிமிடம் ஆனது, கண்புரை இருக்கிற எத்தனை பெரியவர்களுக்குப் படம் தெளிவாக வரவில்லை என்பவைதான் அதன் விடைகள். 'கருவி துல்லியமாகக் கண்டுபிடிக்கிறதா' என்று அடித்துச் சொல்ல 60 பேர் போதாது. யாராவது அப்படி எழுதச் சொன்னால் அவள் மறுக்க வேண்டும். அதற்காகச் சின்ன ஆய்வை இளக்காரமாகவும் நினைக்க வேண்டாம். 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சை பழகும் மருத்துவர்கள் 16 பேரை மட்டும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு, ஆபரேஷன் வேலையைத் திரையில் செய்து பழக வைக்கும் கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் முன்கூட்டியே பழகிவிட்டு வந்தது. பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை அந்தப் பிரிவு 29 சதவீதம் வேகமாகச் செய்தது, தவறுகளும் பல மடங்கு குறைந்தன. சிமுலேட்டர் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது இன்றும் அந்த 16 பேரைச் சொல்கிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எம்.டி., எம்.எஸ். சேர எழுதும் நீட் பிஜி தேர்வில் ஆராய்ச்சிக்குத் தனி மார்க் கிடையாது, அங்கே ரேங்க் மட்டும்தான். ஆகவே பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு இதில் இறங்குவது கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 1979 முதல் மருத்துவ மாணவர்களுக்காக நடத்திவரும் குறுகிய கால ஆய்வுத் திட்டம் இருக்கிறது. எஸ்.டி.எஸ். என்பார்கள். அது இரண்டு மாதம்தான். தன் கல்லூரிப் பேராசிரியரையே கைடாக வைத்து விண்ணப்பிக்கலாம். அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு சான்றிதழும் உதவித்தொகையும் வரும். அந்த அளவுக்குள் வேலையை அடக்கிக்கொண்டால் படிப்பு கெடாது. நாளைக்கு எம்.டி., எம்.எஸ். சேர்ந்தால் எல்லோரும் தீசிஸ் எழுதியே ஆக வேண்டும். அப்போது தடுமாறும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

கண்டிப்பாக இருக்க வேண்டியது வேறு விஷயத்தில். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் தன் ஆய்வைக் காட்ட என்னிடம் வந்தார். போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து ஒரு எக்செல் பட்டியலை நீட்டினார். நோயாளிகளின் பெயர், வயது, செல்போன் நம்பர், பக்கத்திலேயே எச்.பி.ஏ.1.சி., அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவரவர் டாக்டரை நம்பிச் சொன்ன விஷயம், என் கண்ணில் படவே கூடாதது. நல்ல பையன்தான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெயருக்குப் பதில் எண் போட வேண்டும், பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் கைடின் பூட்டிய அலமாரியில்தான் இருக்க வேண்டும். ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் கல்லூரியின் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கையில் வருவதற்கு முன் ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்கக் கூடாது. எத்தனை அவசரம் என்றாலும் சரி.

பணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை போடுகிறோம் என்று மெயில் வரும், ஏமாற வேண்டாம். ஆயிரக்கணக்கில் கொடுத்து 'ஏஐ சர்டிபிகேட்' வாங்கவும் தேவையில்லை. அந்த நேரத்தில் சமூக மருத்துவத் துறையில் உட்கார்ந்து புள்ளியியல் கற்றுக்கொள்ளட்டும். நோய் உள்ளவரைக் கருவி தவறவிடுவதும், நோய் இல்லாதவரைப் பயமுறுத்துவதும் இரண்டு வேறு தவறுகள். இரண்டையும் தனித்தனியாக எண்ணத் தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

உங்களுக்கும் பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கு வரும்போது, ஆய்வின் சம்மதப் படிவத்தைத் தமிழில் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒத்திகையாக, உங்களையே முதல் நோயாளி மாதிரி உட்காரவைத்து விளக்கட்டும். படம் எதற்கு, யார் பார்ப்பார்கள், கம்ப்யூட்டர் தப்பாகச் சொன்னால் என்ன செய்வார்கள், வேண்டாம் என்றால் வைத்தியம் நின்றுவிடுமா? எல்லாவற்றையும் கேளுங்கள். எந்த வரியில் கையெழுத்துப் போட உங்களுக்குத் தயக்கம் வருகிறதோ, அதைப் பேனாவால் கோடிட்டுக் கொடுங்கள். திங்கட்கிழமை அந்தத் தாளோடு பேராசிரியரைப் போய்ப் பார்க்கட்டும்.