தேதி தாண்டிய கதைகள்

அன்புள்ள ஐயா,

பள்ளி நாளில் சேர்த்த அறிவியல் கதைப் புத்தகங்களைப் பரணிலிருந்து இறக்கினேன். பிளஸ் டூ படிக்கும் மகன் புரட்டிவிட்டு, "இதுல சொன்ன வருஷமெல்லாம் போயிடுச்சேப்பா, எதுவும் நடக்கலையே. போன வருஷப் பஞ்சாங்கம் மாதிரிதானே?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஒரு வாசகர், மேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

மறுபடி பரணில் ஏற்றிவிடாதீர்கள். பஞ்சாங்கமாக வாசித்தால் மகன் சொல்வது சரி. 1865-இல் ஜூல் வெர்ன் தன் நாவலில் மூன்று பேரை ஃபுளோரிடாவிலிருந்து நிலவை நோக்கி அனுப்பினார். 1969-இல் அப்போலோ 11 மூன்று பேரோடு அங்கிருந்துதான் கிளம்பியது. இதைச் சொல்லி வியப்பவர்கள் உண்டு. ஆனால் வெர்ன் அவர்களை ராட்சதப் பீரங்கியில் வைத்துச் சுட்டார். அந்த அதிர்ச்சியில் யாரும் பிழைக்க முடியாது. பலித்ததையும் பலிக்காததையும் எண்ணிக்கொண்டிருந்தால் கதையைத் தவறவிட்டுவிடுவோம்.

'ரோபோ' என்ற சொல்லைப் பாருங்கள். செக் எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் 1920-ஆம் ஆண்டு நாடகத்தில் வந்தது. 'ரோபோட்டா' என்றால் பண்ணைக்காரருக்குக் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய வேலை. நம் கல்வெட்டுகள் அதை 'வெட்டி' என்கின்றன. அந்த நாடகத்து ரோபோக்கள் இரும்புப் பொம்மைகள்கூட இல்லை, செயற்கைச் சதையால் செய்த ஆட்கள். அப்படி ஓர் ஆளை எந்தத் தொழிற்சாலையும் இன்றுவரை செய்யவில்லை. ஆனால் யாருடைய உழைப்பில் யார் சாய்ந்து உட்காருகிறார்கள் என்று அது கேட்டது, 100 வருஷம் கழித்தும் சுடுகிறது. கருவி வந்த மறுநாள் காலையில் வீட்டிலும் தெருவிலும் என்ன நடக்கும் என்று யோசிப்பதால்தான் எனக்கு இந்தக் கதைகள் மேல் இவ்வளவு பிரியம்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ராமநாதபுரம் சேதுபதி அரண்மனையில் யோசித்திருக்கிறார்கள். 1808-இல் இடத்தைப் பார்த்த கால்டுவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி, நடக்காத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1895-இல் அணை திறந்தது. மலையைக் குடைந்து வந்த அந்தத் தண்ணீர்தான் மேலூர்க் கால்வாயில் ஓடுகிறது. அணை பொறியாளரின் வேலை. தண்ணீர் வந்தபிறகு தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நடுவே நடப்பதைக் கதைக்காரர்தான் எழுத வேண்டும்.

சரி, மகனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். முறைப்பாசனத்தில் எந்த மடையை எப்போது திறப்பது என்று ஒரு கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. மழைக் கணக்கு, பயிர்க் கணக்கு எல்லாம் அதற்கு அத்துப்படி. தப்பே செய்யாது என்று வைத்துக்கொள்வோம். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், கடைமடையில் ஒரு பெரியவரின் வயலுக்கு இந்த முறை தண்ணீர் இல்லை என்று அது சொல்லிவிடுகிறது. முன்பானால் அவர், மடையைத் திறந்துவிடும் நீர்பாய்ச்சியின் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போட்டிருப்பார். இனி யார் வாசலில் போய் நிற்பார்?