பயின் மணிக்குக் கார்பன் சோதனை

கேள்வி: யாங்கோன் கடை ஒன்றில் எறும்பு போன்ற பூச்சி உறைந்திருக்கும் பயின் (அம்பர்) மணி ஒன்றை வாங்கினேன். பத்துக் கோடி ஆண்டுப் பழையது என்றார் கடைக்காரர். கார்பன் சோதனைக்கு அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும் என்கிறார் என் மைத்துனர். தெரியுமா?
– ஒரு வாசகர், யாங்கோன்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது பாதி சரி, ஆனால் அவர் நினைக்கும் பாதி அன்று.

பயின் என்பது நெடுங்காலம் புதைந்து இறுகிய மரப்பிசின். உயிருள்ள மரம் காற்றிலிருந்து, தானே சிதையும் தன்மையுள்ள கார்பன்-14 அணுக்களை ஓயாமல் பெற்றுக்கொண்டிருக்கிறது. பிசினாக வடிந்தபின் அந்த வரவு நின்றுபோய், இருப்பு 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வரும். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்குப் பிறகு மிஞ்சுவது மிகச் சொற்பம் என்பதால், நம் விரல் பிசுக்கில் ஒட்டிய புதுக் கார்பனே கணக்கைக் கெடுத்துவிடும். பத்துக் கோடி ஆண்டுப் பயினில் அதைத் தேடுவது, பாட்டனார் காலத்தில் அணைந்த அடுப்பில் சூடு தேடுவதற்கு ஒப்பாகும்.

அப்படியானால் மியான்மரின் கச்சின் மாநிலத்து ஹுக்காங் பள்ளத்தாக்குப் பயினின் வயதை எவ்வாறு அறிந்தார்கள்? பயினை விட்டுவிட்டு, அதைப் பொதிந்திருந்த எரிமலைச் சாம்பல் கலந்த பாறையைப் பிடித்தார்கள். அதிலுள்ள சிர்க்கான் என்னும் நுண்படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும். ஈயத்தை ஏறக்குறைய முற்றிலும் விலக்கிவிடும். எனவே இன்று அதனுள் காணப்படும் ஈயம், யுரேனியம் சிதைந்து பிறந்ததே என்று கொண்டு, இரண்டின் விகிதத்தை அளந்தால் படிகத்தின் வயது கிடைக்கும். 2012-இல் வெளியான முடிவு: 9 கோடியே 87 லட்சத்து 90 ஆயிரம் ஆண்டுகள், பிழை வரம்பு முன்னும் பின்னும் 6 லட்சத்து 20 ஆயிரம். கறாராகச் சொன்னால் இது பிசினின் வயதன்று, சாம்பலின் வயது. பிசின் சற்று முன்னரே வடிந்திருக்கலாம்.

இந்த வயது ஹுக்காங் பயினுக்கு உரியது. உங்கள் மணி ஹுக்காங்கிலிருந்து வந்ததா என்பது வேறு கேள்வி. கோப்பால் என்னும் இளம் பிசினைப் பயின் என்று விற்பதுண்டு. மணியின் துளையோரத்தில், கண்ணில் படாத இடத்தில், நகப்பூச்சு அகற்றும் அசிட்டோன் ஒரு துளி இட்டுச் சில நொடிகள் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். முதிர்ந்த பயின் பெரும்பாலும் ஒட்டாது, கோப்பால் பிசுபிசுக்கும். சில நூறு ஆண்டே ஆன கோப்பால்களும் உள்ளன. ஒட்டினால் மைத்துனரின் சோதனைக்கு அனுப்புங்கள். அப்போது எண்ணுவதற்குக் கார்பன்-14 இருக்கக்கூடும்.