அட்டையின் பின்பக்கம் காலியாக இருக்கிறது

வணக்கம் அம்மா. மகன் கம்ப்யூட்டர் படிப்பு வேண்டாம், சட்டம்தான் படிப்பேன் என்கிறான். ஆனால் ஏபி கவர்ன்மென்ட் (அமெரிக்கப் பள்ளிகளில் அந்நாட்டு அரசமைப்பைப் பற்றிய கல்லூரி நிலைப் பாடம்) முதல் தேர்விலேயே மதிப்பெண் குறைந்துவிட்டது, இவனுக்கு இது சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். அவன் மனப்பாடம் செய்யும் அட்டைகளின் படங்களையும் அனுப்பியது நல்லதாயிற்று. ஓர் அட்டையில் ‘அதிகாரப் பிரிவினை: மூன்று துறைகள்’, இன்னொன்றில் ‘கூட்டாட்சி: மத்திய அரசு, மாநில அரசு’. தப்பில்லை. ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் எதற்காக வந்தது என்று ஓர் அட்டையிலும் இல்லை. மதிப்பெண் போனது அங்கேதான்.

முதலில் அவன் 1786-ஐப் படிக்கட்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மேற்குப் பகுதி விவசாயிகள், பலர் சுதந்திரப் போரில் சண்டை போட்டவர்கள். வரியைக் காசாகக் கட்டச் சொல்கிறது மாநிலம். கையில் காசில்லை, கடனுக்கு நிலம் போகிறது. நிலத்தைப் பறிக்கும் நீதிமன்றங்களை நடக்கவிடாமல் மறித்தார்கள். 1787 ஜனவரியில், டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் கேப்டனோடு ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதக் கிடங்கையே பிடிக்கப் போனார்கள். மாநிலப் படை பீரங்கியால் சுட்டு விரட்டியது. மீதிப் பேரைக் கலைத்தது, பாஸ்டன் வியாபாரிகள் போட்ட பணத்தில் திரட்டிய படை.

நாட்டுக்கென்று காங்கிரஸ் என்ற ஒரு மத்திய மன்றம் இருந்தும் ஏன் வியாபாரிகள் பணம்? இன்றைய அரசியலமைப்புக்கு முன்பு நாட்டை நடத்திய கூட்டமைப்பு விதிகளின்படி காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. விதியைத் திருத்த 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீத வரி என்ற திட்டம் 1782-ல் ரோட் ஐலண்ட் மறுத்ததால் படுத்துவிட்டது.

இந்த இடத்தில் நிறுத்தி, “சரி, நீயாக இருந்தால் என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். வலுவான மத்திய அரசு வேண்டும் என்பான். அப்புறம், “அந்த அரசே இன்னொரு இங்கிலாந்து ராஜாவாக மாறினால்?” என்று கேளுங்கள். 1787 மே முதல் செப்டம்பர் வரை புதிய அரசியலமைப்பை எழுதப் பிலடெல்பியாவில் கூடிய 55 பேரையும் ஆட்டிவைத்தவை இந்த இரண்டு பயங்களும்தான். வரியும் படையும் காங்கிரஸுக்கு வந்தன. ஆனால் அது போடும் சட்டத்தை ஜனாதிபதி மறுக்கலாம். அந்த மறுப்பை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு தள்ளலாம். ஒருவர் ஆசைக்கு இன்னொருவர் ஆசையே கடிவாளம் என்பது அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாடிசனின் கணக்கு.

அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்து மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் அவையில் இடம் பிரித்த சமரசத்தையும் அவன் தாண்டிப் போகக் கூடாது. வாக்கு இல்லாத மனிதர்களைக் காட்டி, அவர்களை அடிமையாக வைத்திருந்தவர்கள் கூடுதல் இடம் வாங்கினார்கள். சட்டம் படிக்க நினைக்கும் பிள்ளைக்கு இது உறைக்க வேண்டும்.

தேர்வுக்காக ஒன்று. புதிய அரசியலமைப்பை ஏற்கலாமா என்ற விவாதத்தில் வந்த இரண்டு கட்டுரைகள், ஆதரித்த ஃபெடரலிஸ்ட் 10-ஐயும் எதிர்த்த புரூட்டஸ் 1-ஐயும் சேர்த்தே படிக்கச் சொல்லுங்கள். பெரிய குடியரசு சுதந்திரத்தைக் காக்கும் என்கிறது ஒன்று, விழுங்கிவிடும் என்கிறது மற்றது. தேர்வின் வாதக் கட்டுரையில் எதிர்வாதத்துக்கும் பதில் எழுதியாக வேண்டும்.

சட்டக் கல்லூரிக்கு இன்ன இளங்கலைதான் என்ற கட்டாயம் அமெரிக்காவில் இல்லை. நான்கு வருடப் பட்டம், பிறகு மூன்று வருடச் சட்டம். கம்ப்யூட்டர் படித்துவிட்டும் போகலாம். ஆகவே இன்றைக்கே முடிவு கட்ட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்து, ஷேஸ் கதையை உங்களுக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வோர் அட்டையின் பின்பக்கத்திலும், ‘இது எந்தப் பயத்துக்கு மருந்து’ என்று அவனே எழுதட்டும். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.