அது ஆஸ்திரியா வியன்னா காசு இல்லைங்க

ஆஸ்திரியா வியன்னா காசுன்னு நீங்க போட்ட பழைய வெள்ளிக்காசு போட்டோவ பெருசாக்கி பாத்தேன், ஒரு பக்கம் இடது பாத்த தலை, சுத்தி 'எஸ் எம் வியென்னா'ன்னு எழுத்து, பின்னாடி சிலுவை, நாலு புள்ளி, அதான் ஆஸ்திரியான்னு நெனச்சிட்டீங்க போல, ஆனா இது பிரான்ஸ்ல லியோனுக்கு தெக்க ரோன் நதிக்கரைல இருக்கற வியென் ஊரு பேராயருங்க அடிச்ச டெனியர், அதாவது அந்தக் காலத்து சின்ன வெள்ளிக்காசு. 'எஸ் எம்'னா புனித மொரீஸ், அந்த தலையும் அவரோடதுதான், அங்க கதீட்ரலே அவரு பேர்லதான் இருக்கு. சிலுவைய சுத்தி 'மாக்ஸிமா கால்' (MAXIMA GALL)னு இருக்கான்னு பாருங்க, கால்ங்கறது பிரான்ஸ் பகுதியோட பழைய பேரு, அந்த நாட்டுலயே பெரிய ஊருன்னு அவங்க பெருமையா போட்டுக்கிட்டது, அது இருந்தா சந்தேகமே வேணாம்! பேராயர் பேரு காசுல வராது, 12, 13ஆம் நூற்றாண்டுல இதே டிசைன திரும்பத் திரும்ப அடிச்சாங்க, அதனால வருஷம் குறிச்சு சொல்ல முடியாது. குத்துவிளக்குக்கு பண்றமாதிரி விபூதி, புளி எதுவும் போட்டு தேய்ச்சுடாதீங்க ப்ளீஸ், ரொம்ப மெல்லிசு வெள்ளி, எழுத்தே போயிடும்.