பிரேக் கேள்வி-பதில்: டிஸ்க்கில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்தீர்களா?

ஐப்பசி மழை பிடித்ததும் பிரேக் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு), பேட் (பிரேக் அடித்தால் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பது) மாற்றுவது பற்றியவை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: புது பேட் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. காலையில் வண்டி எடுத்தால் கீச்சென்று சத்தம். மெக்கானிக் மட்டமான சாமான் போட்டுவிட்டாரா? (கும்பகோணம்)

பதில்: முதல் மூன்று நான்கு பிரேக்கில் மட்டும் கேட்டு நின்றுவிட்டால், அது ராத்திரிப் பனியில் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. பேட் தேய்த்து எடுத்ததும் சரியாகிவிடும். மெக்கானிக்கைக் குறை சொல்லாதீர்கள். நாள் முழுக்கக் கீச்சிட்டால், பேட்டின் முதுகில் ஷிம் தகடு (அதிர்வை அடக்கும் மெல்லிய தகடு) இருக்கிறதா, பேட்டைப் பிடித்திருக்கும் கிளிப் புதிதா, கேலிப்பர் (பேட்டை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பிடி) நகர்கிற பின்னுக்கு என்ன கிரீஸ் வைத்தார் என்று கேளுங்கள். அதற்கென்று தனி பிரேக் கிரீஸ் உண்டு. கையில் கிடைத்த சாதாரண கிரீஸை அப்பினால் ரப்பர் உப்பி, பின் இறுகிவிடும். இன்னொன்று: கீச்சு வேறு, இரும்பும் இரும்பும் உரசுகிற கரகரப்பு வேறு. இரண்டாவது கேட்டால் வண்டியை ஓரம்கட்டிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: எந்த கம்பெனி பேட் நல்லது? (ஊர் இல்லை)

பதில்: ஊர் மட்டுமா இல்லை? காரின் பெயர், வருடம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எதையும் எழுதவில்லை. ஒரே பெயருள்ள காரிலேயே வருடத்துக்கு வருடம், வேரியன்டுக்கு வேரியன்ட் டிஸ்க் அளவு மாறும். ஆர்.சி. நகலைக் கடைக்கு எடுத்துப் போங்கள். சேஸிஸ் எண்ணை வைத்துப் பார்த்தால்தான் சரியான சாமான் கிடைக்கும். கார் கம்பெனியின் சொந்தப் பெட்டியிலோ, கார் கம்பெனிகளுக்கு சப்ளை செய்கிறவர்களின் பெட்டியிலோ வருவதை வாங்கினால் போதும். சென்னை பாடியில் 1962-இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா அப்படிப்பட்ட ஒன்று. சின்னக் காருக்கு முன்பக்க பேட் செட் ஏறக்குறைய ரூ.2,000, டிஸ்க் ஜோடி ரூ.4,000 முதல் 6,000 வரை. அதே பெட்டியை ஒருவர் பாதி விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள். பில் தராத கடையில் பிரேக் சாமான் வாங்கவே வேண்டாம்.

கேள்வி: இடதுபக்க டிஸ்க் மட்டும்தான் கோடு விழுந்திருக்கிறது. அதை மட்டும் மாற்றலாமா? (மன்னார்குடி)

பதில்: கூடாது. டிஸ்க்கும் சரி, பேடும் சரி, ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான். இடதுபக்கம் மட்டும் ஏன் கோடு விழுந்தது என்பதையும் பாருங்கள்.

கேள்வி: பிரேக் அடித்தால் ஸ்டியரிங் ஆடுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, லேத்தில் கொடுத்துக் கடைந்தால் ரூ.600-இல் முடிந்துவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (மயிலாடுதுறை)

பதில்: இந்தக் கேள்விக்கு எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. டிஸ்க்கின் நடுக்கிண்ணத்திலோ விளிம்பிலோ 'மின் டிஎச்' (குறைந்தபட்சக் கனம்) என்று ஆங்கிலத்தில் பொறித்து, பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அதுதான் அந்த டிஸ்க்கின் ஆயுள் எல்லை. புதிதில் 22 மி.மீ. இருக்கும் டிஸ்க்குக்கு அநேகமாக 20 என்று போட்டிருப்பார்கள். தேய்வதற்கு மொத்தமே 2 மி.மீ.தான். அதில் லேத் எங்கிருந்து எடுக்கும்?

சில வருடங்களுக்கு முன், கடைசல் முடித்து வந்த கார் ஒன்றை என்னிடம் கொண்டு வந்தார்கள். லேத்துக்கு அனுப்புவதற்கு முன் வெர்னியர் (இரண்டு தாடையால் கவ்வி அளக்கும் அளவுகோல்) வைத்து அளந்ததாகவும், 21.5 இருந்ததாகவும் சொன்னார்கள். அளந்தது பொய்யில்லை. ஆனால் எங்கே அளந்தார்கள்? பழைய டிஸ்க்கின் வெளிவிளிம்பில், பேட் படாத இடத்தில், ஒரு வரப்பு நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். வெர்னியரின் தாடை அந்த வரப்பின் மேல் உட்கார்ந்துகொண்டால், நடுவில் எத்தனை பள்ளம் இருந்தாலும் காட்டாது. பேட் ஓடுகிற இடத்தில் மைக்ரோமீட்டர் (கனத்தை நுணுக்கமாக அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தேன்: 19.2. டிஸ்க்கின் மேல் 20 என்று தெளிவாகப் பொறித்திருந்தது. அந்த வண்டியில் இரண்டு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு மாதம் ஓட்டியிருக்கிறார்கள்.

மெலிந்த டிஸ்க்கில் சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு குறைவு. சீக்கிரம் கொதிக்கும், வெடிப்பு விடும், அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் போகும்.

அடுத்தது, 'வளைந்துவிட்டது' என்ற பேச்சு. பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. அது உட்காரும் ஹப்பின் (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பாகம்) முகத்தில் துரு கட்டியிருக்கும். அதைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டாமல் மாட்டினால் டிஸ்க் ஒரு முடி அளவு கோணலாக உட்காரும். 0.1 மி.மீ. போதும். ஒவ்வொரு சுற்றிலும் பேட் ஒரே இடத்தை உரசி உரசி, சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து ஸ்டியரிங் ஆடும். வீல் நட்டுகளை ஏர் கன்னால் தாறுமாறாக இறுக்கினாலும் இதே கதைதான். ஹப்பைச் சுத்தம் செய்யாமல் ரூ.600 கொடுத்துக் கடைந்தாலும், ரூ.6,000 கொடுத்துப் புதிது போட்டாலும் ஆட்டம் திரும்பி வரும். ஆகவே முதலில் ஹப், அப்புறம் மைக்ரோமீட்டர், அதன் பிறகுதான் செலவு. எண்ணுக்குக் கீழே போயிருந்தால், அல்லது கடைந்தால் போய்விடும் என்றால், புது ஜோடி. இதில் பேரம் கிடையாது.

கேள்வி: கடலிலிருந்து ஒரு கிலோமீட்டரில் வீடு. இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் டிஸ்க் செம்மண் நிறமாகிவிடுகிறது. (நாகப்பட்டினம்)

பதில்: மேல்துரு ஒன்றும் செய்யாது. உங்கள் ஊரிலும் வேதாரண்யம் பக்கமும் நான் பயப்படுவது கண்ணுக்குத் தெரியாத துருவுக்கு. பேட்டின் இரும்புத் தகட்டில் உப்புக்காற்று புகுந்து துரு உப்பினால், லைனிங் (பேட்டில் தேய்கிற பகுதி) தகட்டைவிட்டுப் பெயர்ந்து வரும். பாதி கனம் மிச்சமிருக்கும்போதே பெயரும். வருடத்துக்கு இரண்டு முறை வீலைக் கழற்றி, டிஸ்க்கின் உள்முகத்தையும் பேட்டின் ஓரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கும்போது பூச்சு கொடுத்த டிஸ்க்காக வாங்குங்கள். கூடுதல் பணம் உங்கள் ஊரில் வீண் போகாது. வண்டி கழுவிய கையோடு நிறுத்தாமல், ஒரு சுற்று ஓட்டி, பிரேக் அடித்து உலர்த்திவிட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: ஓட்டை போட்ட டிஸ்க் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா? (தஞ்சாவூர்)

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு வேண்டாம். ஓட்டையைச் சுற்றித்தான் வெடிப்பு முதலில் விடும்.

கேள்வி: கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிவிட்டது. ஊருக்கு வந்ததும் சரியாகிவிட்டது. பேட் மாற்ற வேண்டுமா? (திருவாரூர்)

பதில்: நல்லபடியாக வந்து சேர்ந்தீர்கள் அம்மா, அதுவே பெரிது. 'சரியாகிவிட்டது' என்று விட்டுவிடாதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட்-4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறியது 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். குழாயில் ஆவி வந்தால் பெடல் அமுங்கும், வண்டி நிற்காது. சமவெளியில் ஓட்டும் நமக்கு இது தெரிவதே இல்லை, மலையில்தான் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றுங்கள். குறைந்ததை ஊற்றி நிரப்புவது மாற்றியதாகாது. பேட் 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் அதையும் மாற்றுங்கள். இறங்கும்போது, ஏறுவதற்கு எந்த கியர் போடுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

கேள்வி: உள்பக்க பேட் காகிதமாகத் தேய்ந்துவிட்டது, வெளிப்பக்க பேட் அப்படியே இருக்கிறது. (திருத்துறைப்பூண்டி)

பதில்: கேலிப்பர் பின் இறுகியிருக்கிறது. அறுவடைக் காலத்தில் டிராக்டர் இறைத்த சேறும் ரோட்டில் காயும் வைக்கோலின் தூசியும் புகுந்து ரப்பர் உறை கிழிந்திருக்கும். உறையை மாற்றி, பின்னைச் சுத்தம் செய்து, பிரேக் கிரீஸ் வைத்த பிறகு பேட் போடுங்கள். மறுபடி சொல்கிறேன்: இரண்டு பக்கமும்.

கேள்வி: புது டிஸ்க், பேட் போட்டாயிற்று. பழகவிட வேண்டும் என்கிறார்களே, எப்படி? (பட்டுக்கோட்டை)

பதில்: முதலில், டிஸ்க்கின் மேல் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைத்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு விடிகாலையில், பின்னால் வண்டி இல்லாத பைபாஸில், 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை மிதமாக அழுத்தி இறக்குங்கள். எட்டுப் பத்து முறை. முழுக்க நிறுத்தாதீர்கள், சூடான பேட் டிஸ்க்கில் ஒட்டித் தடம் விழும். பிறகு பத்து நிமிடம் பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். நெல் காயும் ரோட்டில் இதைச் செய்யாதீர்கள். நெல்மணி மேல் பிரேக் அடித்தால் டயர் வழுக்கும். முதல் 300 கி.மீ. வரை முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடைவெளி கூடுதலாக இருக்கட்டும்.