145.800இல் ஏன் மௌனம்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து வரும் ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) ஒலிபரப்பைச் சாதாரணக் கருவியிலேயே கேட்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பி, கணினியில் செருகினால் ரேடியோவாக வேலை செய்யும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்றை வாங்கினேன். அதோடு வந்த காந்த அடியுள்ள சிறிய ஆண்டெனாவை ஜன்னல் விளிம்பில் வைத்து, 145.800 மெகாஹெர்ட்ஸில் நிறுத்திப் பல நாட்கள் காத்திருந்தேன். இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டெனா போதாதா? பெருக்கி வாங்க வேண்டுமா? வேறு செயற்கைக்கோள்களையும் கேட்க முடியுமா? கேட்பதற்கு உரிமம் தேவையா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

பெருக்கி இப்போதைக்கு வேண்டாம். உங்களிடம் இருக்கும் டாங்கிளே போதும். நீங்கள் காத்திருந்த அலைவரிசை பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கும். வீரர்கள் நேரடியாக மைக் பிடித்துப் பேசும்போதும், எஸ்எஸ்டிவி முறையில், அதாவது படத்தை ஒலியாக மாற்றி, அனுப்பும் நாட்களிலும் மட்டுமே 145.800இல் ஏதாவது வரும். வீரர்களின் பேச்சில் பெரும்பகுதி, நிலையத்தின் ஹாம் ரேடியோவைக் கவனிக்கும் ஏரிஸ் அமைப்பு பள்ளி மாணவர்களுக்காக ஏற்பாடு செய்யும் பத்து நிமிட உரையாடல்கள். அவற்றின் தேதியும் நேரமும் முன்கூட்டியே வெளியாகும். ஆனால் அறிவிப்பில் உள்ள எல்லா உரையாடலும் உங்களுக்குக் கேட்காது. நிலையம் சுமார் 420 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அந்த உயரத்திலிருந்து அதன் அலை, நேர்கீழே உள்ள புள்ளியைச் சுற்றி ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் வரைதான் எட்டும். வேறு கண்டத்துப் பள்ளியோடு பேசும்போது அது உங்கள் அடிவானத்துக்குக் கீழே இருக்கும். பக்கத்துப் பள்ளி என்றாலும் வீரரின் பதில் மட்டுமே கேட்கும். மாணவர்களின் கேள்வி வேறு அலைவரிசையில் மேலே போகிறது. பதிலுக்கும் பதிலுக்கும் நடுவே வரும் இரைச்சலைக் கேட்டுத் தொடர்பு அறுந்துவிட்டது என்று எழுந்து போய்விடாதீர்கள்.

எனவே முதலில் 437.800 மெகாஹெர்ட்ஸைக் கேளுங்கள். 2020 செப்டம்பரில் நிலையத்தின் கொலம்பஸ் ஆய்வுக்கூடத்தில் பொருத்தப்பட்ட புதிய ரேடியோ, தரையிலிருந்து ஹாம்கள் 145.990இல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு (ரேடியோவைத் திறக்கும் அடையாள ஒலி) அனுப்புவதை வாங்கி 437.800இல் திருப்பி ஒலிபரப்புகிறது. ஹாம்கள் நிறைய உள்ள நிலப்பரப்புக்கு மேலே நிலையம் வந்தால் யாராவது அழைத்துக்கொண்டேதான் இருப்பார்கள். விண்நடையின்போதும் கலங்கள் வந்து இணையும்போதும் இதை அணைத்துவிடுவார்கள். 145.825இல் ஏபிஆர்எஸ் எனப்படும் குறுந்தரவுப் பாக்கெட்டுகள் வரும். ஒரு நொடிக்கும் குறைவாக "ப்ர்ர்ட்" என்று வெட்டிவிட்டுப் போகும் ஒலி அது. டைர்வுல்ஃப் மென்பொருளுக்குக் கொடுத்தால் எழுத்தாகிவிடும்.

அடுத்தது நேரம். நாள் முழுதும் திறந்து வைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. நிலையம் பூமியை ஏறத்தாழ 93 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றினாலும், உங்கள் வானத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் பத்துப் பதினோரு நிமிடம்தான் இருக்கும். ஜிபிரெடிக்ட் மென்பொருள் அல்லது ஹெவன்ஸ்-அபவ் தளம் உங்கள் இடத்துக்கான அட்டவணையைக் கொடுக்கும். பட்டியலில் நிலையத்தின் எண் 25544. உச்சக் கோணம் (அடிவானத்திலிருந்து நிலையம் ஏறும் அதிகபட்சக் கோணம்) 30 பாகைக்கு மேல் போகும் கடப்புகளை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் தூரம். அடிவானத்தில் இருக்கும்போது நிலையம் உங்களிடமிருந்து சுமார் 2,350 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, தலைக்கு மேலே வரும்போது 420. இந்த வித்தியாசம் மட்டுமே 15 டெசிபல், அதாவது சுமார் முப்பது மடங்கு சக்தி. எந்தப் பெருக்கியும் இதை இலவசமாகத் தராது.

அட்டவணை சரியாக வர டிஎல்இ எனப்படும் சுற்றுப்பாதைத் தரவு புதிதாக இருக்க வேண்டும். காற்றின் உராய்வாலும் அவ்வப்போது உயரத்தைக் கூட்டுவதாலும் நிலையத்தின் பாதை மாறிக்கொண்டே இருக்கிறது. செலஸ்டிராக் தளத்திலிருந்து இரண்டு மூன்று நாளுக்கொருமுறை புதுப்பியுங்கள். அட்டவணை யுடிசி என்னும் உலகப் பொது நேரத்தில் இருக்கிறதா, உள்ளூர் நேரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் கடப்பைத் தவறவிடுவதற்கு நேரக் குழப்பமே பெரும்பாலும் காரணம்.

டாப்ளர் விலகலுக்கு, அதாவது நிலையம் நெருங்கும்போது அலைவரிசை சற்றுக் கூடியும் விலகும்போது குறைந்தும் வருவதற்கு, வருவோம். நிலையத்தின் வேகம் நொடிக்கு 7.66 கிலோமீட்டர். 145.800இல் இதனால் வரும் விலகல் இரு பக்கமும் சுமார் மூன்றரை கிலோஹெர்ட்ஸ். வடிகட்டியை 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அகலமாக வைத்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். 437.800இல் விலகல் பத்து கிலோஹெர்ட்ஸ் என்பதால் கட்டாயம் பின்தொடர வேண்டும். உதிக்கும்போது 437.810இல் தொடங்கி, 437.805, 437.800, 437.795, கடைசியில் 437.790 என்று இறங்குங்கள். படிகளைச் சமமான இடைவெளியில் மாற்றக் கூடாது. முதல் மூன்று நிமிடம் அலைவரிசை அதிகம் நகராது. உச்சியை நெருங்கும்போது நொடிக்கு 150 ஹெர்ட்ஸுக்கு மேல் சரியும், அரை நிமிடத்துக்குள் அடுத்த படிக்குப் போயாக வேண்டும். ஜிபிரெடிக்டை எஸ்டிஆர் மென்பொருளோடு இணைத்தால் இதைத் தானே செய்துவிடும். ஆனால் முதல் சில கடப்புகளைக் கையாலேயே செய்து பாருங்கள் என்பேன், சரிவின் போக்கு மனதில் பதிந்துவிடும்.

அலைவரிசைகளை நேரத்தோடு ஓடும் படமாக மென்பொருள் காட்டும் வாட்டர்ஃபாலில் இந்தச் சரிவைக் கண்ணாலேயே பார்க்கலாம். 437.800க்கு வலப்பக்கம் ஒரு மங்கலான கோடு தோன்றும், கொஞ்ச நேரம் நேராக நிற்கும், பிறகு வளைந்து இடப்பக்கம் சாயும். நேராகவே நிற்கும் கோடுகள் தரையிலிருந்து வருபவை அல்லது உங்கள் கணினியே உண்டாக்குபவை. டாங்கிளின் உள்ளே உள்ள படிகம் 28.8 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிறது. அதன் ஐந்தாவது மடங்கு சரியாக 144.000இல் விழும். அது எப்போதும் இருக்கும், செயற்கைக்கோள் என்று நினைத்து ஏமாற வேண்டாம். விலை மலிந்த டாங்கிள்களில் படிகம் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) வரை தவறலாம். 437இல் அது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பிழை, டாப்ளரைவிடப் பெரியது. அலைவரிசை உறுதியாகத் தெரிந்த ஒரு தரை நிலையத்தை வைத்து பிபிஎம் திருத்தத்தைச் சரிசெய்யுங்கள். அதற்கு முன் டாங்கிள் கால் மணி நேரமாவது சூடேறியிருக்கட்டும்.

இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை முழுவதும் திறந்து வையுங்கள். பலவீனமான எஃப்எம் குரல் வருவதற்கு முன்னால் இரைச்சலின் காரம் கொஞ்சம் குறையும், பிறகு எழுத்துகள் உடைந்து உடைந்து வரும், அப்புறம்தான் தெளிவு. ஸ்குவெல்ச் மூடியிருந்தால் இந்த முதல் கட்டம் முழுவதும் போய்விடும்.

இனி ஆண்டெனா. உங்கள் ஆண்டெனா சிறியதாக இருப்பது பிரச்சினை இல்லை, அது ஜன்னல் விளிம்பில் இருப்பதுதான் பிரச்சினை. கால் அலை ஆண்டெனாவின் நீளத்தைக் கணக்கிட 7130ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள், விடை சென்டிமீட்டரில் வரும். 437.800க்கு 16.3, 145.800க்கு 48.9. நீட்டிச் சுருக்கும் கம்பியாக இருந்தால் 16.3க்கு வைத்து, 35 சென்டிமீட்டர் அகலமுள்ள தகரத் தட்டின் நடுவில் நிறுத்தித் திறந்த வெளிக்குக் கொண்டுபோங்கள். காந்த அடிப்பாகத்துக்குக் கீழே உலோகம் இல்லையென்றால் ஆண்டெனாவின் பாதி இல்லை என்று அர்த்தம். ஜன்னல் விளிம்பில் வைத்தபோது உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

நிரந்தரமாக ஒன்று வேண்டுமென்றால், எஸ்ஓ-239 எனப்படும் ஆண்டெனா சாக்கெட்டின் நடு ஊசியில் 49 சென்டிமீட்டர் செப்புக் கம்பியை நிமிர்த்திப் பற்றவையுங்கள். நான்கு மூலைத் துளைகளிலும் 51 சென்டிமீட்டர் கம்பிகளைப் பொருத்தி 45 பாகை கீழே சாய்த்துவிடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் தடிமன் போதும். இதில் ஒரு வசதி உண்டு: 145.8ஐ மூன்றால் பெருக்கினால் 437.4 என்பதால், இதே கம்பி 437இல் முக்கால் அலையாக வேலை செய்யும். இரண்டு பட்டைக்கும் ஒன்றே போதும்.

கேபிளை முடிந்தவரை குட்டையாக வையுங்கள். ஆர்ஜி-58 ரகக் கேபிள் பத்து மீட்டர் போட்டால் 435 மெகாஹெர்ட்ஸில் வந்த சக்தியில் பாதிக்கு மேல் கேபிளிலேயே கரைந்துவிடும். டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 இதில் பாதி அளவே இழக்கும். அது 75 ஓம் என்று தயங்க வேண்டாம், கேட்பதற்கு மட்டும் என்றால் அந்தப் பொருத்தமின்மையால் வரும் இழப்பு கால் டெசிபல்கூட இல்லை.

கெயினை (டாங்கிளின் பெருக்க அளவை) ஆட்டோவில் விடாதீர்கள். அடிப்படை இரைச்சல் மட்டம் எழும்பத் தொடங்கும் இடம் வரை கையால் ஏற்றி அங்கே நிறுத்துங்கள். ஏற்ற ஏற்ற பாட்டும் விளம்பரமும் கலந்து கேட்டால், 88–108 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் நிலையங்கள் டாங்கிளைத் திணறடிக்கின்றன. அப்போது வாங்க வேண்டியது எஃப்எம் தடுப்பு வடிகட்டி. பெருக்கியைப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கருவி உண்மையில் வேலை செய்கிறதா என்ற சந்தேகம் தீர ஒரு சோதனை: ரஷ்யாவின் மீடியோர்-எம் வானிலைச் செயற்கைக்கோள்கள் 137.1 அல்லது 137.9இல் தொடர்ந்து அனுப்புகின்றன. அவை ஹாம் செயற்கைக்கோள்கள் அல்ல. ஆனால் கடக்கும்போது சுமார் 120 கிலோஹெர்ட்ஸ் அகலமான பட்டை வாட்டர்ஃபாலில் எழுந்தால், ஆண்டெனா, கேபிள், நேரக் கணக்கு மூன்றும் சரி.

எஸ்எஸ்டிவி நாட்கள் அறிவிக்கப்பட்டால் தவறவிடாதீர்கள். வழக்கமாக பிடி-120 முறை: 640க்கு 496 புள்ளிகள், ஒரு படத்துக்கு 126 நொடி, அடுத்த படத்துக்கு முன் ஓர் இடைவெளி. நல்ல கடப்பில் இரண்டு முழுப் படம் எடுக்கலாம். ரோபாட்36 செயலியை ஸ்பீக்கர் அருகே பிடித்தாலே படம் விரியும், ஆனால் அறையில் யாராவது பேசினால் அதுவும் கோடாக விழும். ஒலியை டபிள்யுஏவி கோப்பாகப் பதிந்துவைத்து பிறகு பிரிப்பதே மேல். எம்பி3 வேண்டாம், அதன் சுருக்கம் நிறத்தைக் கெடுக்கலாம்.

மற்ற செயற்கைக்கோள்களும் உண்டு. 2002இல் ஏவிய எஸ்ஓ-50, 436.795இல் அனுப்புகிறது. அதன் சக்தி கால் வாட்தான். தட்டில் நிற்கும் கம்பிக்கு அது எட்டாது, ஐந்து கம்பி உறுப்பாவது உள்ள யாகி என்னும் திசை ஆண்டெனாவைக் கையில் பிடித்து அதை நோக்கித் திருப்ப வேண்டும். செயற்கைக்கோள் உருளும்போது அலையின் தளமும் திரும்பும். குரல் அமிழ்ந்தால் திசையை மாற்றாமல் மணிக்கட்டை மட்டும் கால் வட்டம் சுழற்றுங்கள், மீண்டும் எழும். 1974 நவம்பர் 15இல் ஏவிய ஏஓ-7, 1981இல் பேட்டரி ஷார்ட்டாகி நின்றது. 2002இல் அந்த ஷார்ட் அறுந்து, சூரியத் தகடுகளின் மின்சாரத்தில் தானே விழித்துக்கொண்டது. அதனால் வெயிலில் இருக்கும்போது மட்டுமே பேசும். 145.9775க்கு அருகில் அதன் பீக்கனை (அடையாள ஒலியை) தேடும்போது எஃப்எம்மை விட்டு சிடபிள்யு (மோர்ஸ்) அல்லது யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை) முறைக்கு மாறுங்கள். ஐம்பது வயது இயந்திரம் ஒன்று மோர்ஸில் தட்டுவதைக் கேட்பதற்காகவே ஒரு யாகி செய்யலாம் என்பது என் எண்ணம். எது இயங்குகிறது, எது ஓய்ந்தது என்பதை ஹாம் செயற்கைக்கோள் அமைப்பான அம்சாட்டின் நிலைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வெளியே போங்கள்.

உரிமம்: அலைபரப்ப எங்கும் உரிமம் வேண்டும். 145.990இல் ஒரு முறைகூட மைக்கை அழுத்தாதீர்கள். கேட்பதற்கு மட்டும் பல நாடுகள் உரிமம் கேட்பதில்லை. உங்கள் நாட்டு விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முயற்சியிலும் ஒன்றும் வரவில்லையென்றால் யுடிசி நேரம், உச்சக் கோணம், அலைவரிசை, கெயின் அளவு நான்கையும் குறித்து, வாட்டர்ஃபால் படத்தோடு அனுப்புங்கள். மென்பொருளில் நொடிக்கு 250 கிலோ சாம்பிள் வேகத்தில் ஐக்யூ பதிவும் (டாங்கிள் தரும் மூல அலைத் தரவு) எடுத்து வையுங்கள். எட்டு பிட்டில் பத்து நிமிடத்துக்கு 300 மெகாபைட்தான் ஆகும். அதை மறுபடி ஓட்டிப் பார்த்தால் சிக்கல் ஆண்டெனாவிலா, அமைப்பிலா என்று சொல்லிவிடலாம்.

அன்புடன்,
ஆசிரியர்