இரண்டு வயதுக் குதிரைக்கு ஆள் தேடும் தம்பிக்கு

தம்பி, இங்கிலாந்துக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, மகள் ஆசைப்பட்டாள் என்று யாரும் ஏறியிராத இரண்டு வயது வெல்ஷ் காப் இனக் குதிரை ஒன்றை வாங்கிவிட்டோம், வேலைக்கு நடுவே நேரமில்லை, வாரம் மூன்று நாள் வந்து அதைப் பழக்கி விளையாட்டுக் காட்ட ஆள் எங்கே கிடைக்கும், குளிருக்கு எந்தப் போர்வை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். போர்வையைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். உடம்பு நன்றாயிருக்கும் காப் குதிரைக்கு ஒதுங்க ஒரு கொட்டகையும் போதிய உலர்புல்லும் இருந்தால் அதன் மயிரே குளிரைத் தாங்கும். எனக்குப் பயம் ஆள் விஷயத்தில்தான்.

முதலில் ஒன்று. விளையாட்டுக் காட்ட அதற்கு மனிதர் வேண்டாம், இன்னொரு குதிரை வேண்டும். தனியாக நிற்கும் குட்டி சலிப்பில் மரத்தைக் கடிக்கும், வருகிறவரோடு கடித்தும் முன்காலைத் தூக்கியும் விளையாடப் பார்க்கும். அதன் எடைக்கு அது விளையாட்டில்லை. பகலெல்லாம் மேய்ச்சலில் விட்டு, கூடவே வயதில் மூத்த, நிதானமான குதிரை ஒன்று இருக்கும் லாயமாகப் பாருங்கள். குட்டி எல்லை மீறினால் கண்டிக்கும் வேலையை அந்தப் பெரிசு செய்துவிடும்.

மனிதர் வேண்டியது பழக்குவதற்கு மட்டும். லாடம் அடிப்பவரிடமும் குதிரை மருத்துவரிடமும் விசாரியுங்கள். யார் கையில் குட்டிகள் அமைதியாக நிற்கின்றன என்று அவர்களுக்குத் தெரியும். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். குளோஸ்டர்ஷயர் பக்கமானால் ஹார்ட்பியூரி போன்ற கல்லூரிகளில் குதிரைப் படிப்பு மாணவர்களும் உண்டு. கூலி ஊருக்கு ஊர் மாறும், அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வருகிறவரிடம் குட்டியை உடனே ஒப்படைக்காதீர்கள். உங்கள் கண்முன்னே பத்தடி நடத்தி, நிறுத்தி, ஓரடி பின்னால் போகச் சொல்லுங்கள். கயிற்றில் அழுத்தம் கொடுத்து, குதிரை இணங்கிய அதே நொடியில் தளர்த்துகிறாரா என்று பாருங்கள். குதிரை கற்றுக்கொள்வது அந்தத் தளர்விலிருந்துதான். இணங்கிய பிறகும் இழுத்துக்கொண்டே இருப்பவர், எதிர்த்து நிற்கத்தான் கற்றுக்கொடுக்கிறார். எடுத்த எடுப்பில் "எப்போது ஏறலாம்?" என்று கேட்பவர் வேண்டாம். முதுகெலும்பின் வளர்ச்சி ஐந்து வயது தாண்டியும் முடிவதில்லை. பொறுமையான ஆட்கள் நான்கு வயது வாக்கில்தான் லேசாக ஏறத் தொடங்குவார்கள். சின்ன வட்டத்தில் சுற்றிச் சுற்றி ஓட விடுபவரும் வேண்டாம், வளரும் மூட்டுக்கு அது கெடுதல். பை நிறைய கேரட்டோடு வந்து கையால் ஊட்டுபவர், பிறகு எல்லோருடைய சட்டைப் பையையும் கடிக்கும் பழக்கத்தை விட்டுவிட்டுப் போவார்.

ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும். இரண்டு பக்கமும் நின்று நடத்த வேண்டும். காலைத் தூக்கப் பழக்கும்போது தோளிலிருந்து கீழே தடவிக்கொண்டே போய், ஒரு நொடி தூக்கி, அது உதறும் முன் நாமே இறக்கிவிட வேண்டும். லாடம் இல்லாவிட்டாலும் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ ஆள் வருவார். அன்று போராட்டம் இல்லாமலிருக்க இதுதான் வழி. கயிற்று அழுத்தத்துக்கு இணங்கத் தெரியாத குட்டியைக் கட்டிப்போடவே கூடாது, மிரண்டு பின்னால் இழுத்துக் கழுத்தை முறித்துக்கொள்ளும். பழகிய பிறகும் இரும்பு வளையத்தில் நேரே கட்டாமல், அறுந்துவிடக்கூடிய மெல்லிய கயிற்று வளையத்தில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகக் கட்டுங்கள். கயிற்றை யாரும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. விரல் போய்விடும். தலைக்கவசம், கையுறை, கெட்டியான பூட்ஸ் மூன்றும் கட்டாயம். வேடிக்கை காட்டத்தான் வேண்டுமென்றால் தரையில் கட்டைகளைப் போட்டுத் தாண்டி நடத்தலாம், தார்ப்பாய் மேல் நடத்தலாம்.

இனி என் ஆதங்கம். நம் ஆட்கள் கடல் தாண்டி வந்தும் எல்லாவற்றையும் வாய்ப்பேச்சிலேயே முடிக்கிறார்கள். "தெரிந்த பிள்ளைதான், சும்மா வந்து பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். இங்கே 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டப்படி, உங்கள் மேல் தவறே இல்லாவிட்டாலும் குதிரையால் வந்த காயத்துக்கு நீங்கள் பொறுப்பாகக்கூடும். முன்பு சொன்ன பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் கோல்ட் உறுப்பினரானால் மூன்றாம் நபர் காப்பீடு கிடைக்கும். ஆனால் கூலிக்கு வருபவரிடம் தொழில்முறைக் காப்பீடு தனியாக இருக்கிறதா என்று தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த நாள், எவ்வளவு நேரம், என்ன செய்யலாம், ஏறக் கூடாது என்பதையெல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கேட்டால் மரியாதைக் குறைவு என்ற தயக்கம் வந்த புதிதில் எல்லோருக்கும் இருக்கும், எனக்கும் இருந்தது. இங்கே கேட்காதவரைத்தான் விவரம் தெரியாதவர் என்று நினைக்கிறார்கள்.

முதல் மாதம் அவர் வரும் நாளெல்லாம் வேலியோரம் நீங்களும் மகளும் நில்லுங்கள். அவர் கை எப்போது தளர்கிறது என்று மகள் பார்க்கட்டும். நாளைக்குக் கயிறு அவள் கைக்குத்தானே வரப்போகிறது.